அம்மா கையில் பச்சை, பேத்தி கையில் டாட்டூ

பச்சை குத்திக்கொள்வது நம் பண்பாட்டிலேயே கிடையாதாம். வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கமாம். காலையில் என்னோடு மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும் நண்பர்கள் நான்கு பேரும் இதை ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த நால்வரில் மூன்று பேருடைய அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். மூன்று அம்மாக்களின் கையிலும் பச்சை இருந்தது.

இதை நினைவுபடுத்தினால், "அது வேற சார், இது வேற" என்கிறார்கள். எப்படி வேறு என்று கேட்டால், அது பச்சையாம், இது டாட்டூவாம். இட்லியை ரைஸ் கேக் என்று எழுதி விற்றால் அது மாவு அரைக்காமல் வந்துவிடுமா?

வெறும் நடைப்பேச்சாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் இதே வசனத்தை என் வாயால் சொல்லும்படி என்னைக் கேட்டுவிட்டார்கள். போன மாதம் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, நீங்க சொன்னா அவ கேப்பா. கையில டாட்டூ குத்திக்கப் போறாளாம். இதெல்லாம் நம்ம பழக்கமில்லைன்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." அவள் என்றது தங்கையின் பேத்தியை. வயது 24. கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறாள், சொந்தச் சம்பாத்தியம்.

அப்படிச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் சொன்னதில் பாதி இரைச்சலில் போய்விட்டது. மீதிப் பாதிக்குக் கோபித்துக்கொண்டாள். அதனால் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பண்பாட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் நாட்களில் குறத்தி தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். திண்ணையில் உட்கார்ந்து நாலைந்து ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டுவாள். சுற்றிப் பெண்கள் கூட்டம். எந்தக் கோலம், எத்தனை புள்ளி, தேளா மயிலா என்று பேரம் நடக்கும். கூலி பெரும்பாலும் நெல்தான். வலி தெரியாமல் இருக்க ஏதாவது பாடிக்கொண்டே குத்துவாள். மை செய்யும் விதத்தை எட்கர் தர்ஸ்டன் நூறு வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவ வேண்டும். அதைத் திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிக்க வேண்டும். அந்தக் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கரி கறுப்புதான். தோலுக்கு அடியில் போனபின் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது. அதனால்தான் அதற்குப் பச்சை என்று பெயர். பெயரே நம்முடையது, சாமி.

வெள்ளைக்காரன் கொடுத்தது மெஷின் மட்டும்தான். எடிசன் கடிதங்களுக்குப் படி எடுக்க ஒரு மின்சாரப் பேனா செய்திருந்தார். அதைப் பார்த்து சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் 1891-ல் நியூயார்க்கில் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். தையல் மெஷினும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அதற்காக ரவிக்கை நம் பண்பாடு இல்லை என்று யாராவது கிளம்பினால் வீட்டில் சோறு கிடைக்காது.

"உடம்பு கடவுள் கொடுத்தது, அதில் கை வைக்கக் கூடாது" என்று இன்னொரு கட்சி. இதைச் சொன்ன நண்பரின் இரு தோள்களிலும் சங்கும் சக்கரமும் இருக்கின்றன. சமாச்ரயணத்தின்போது ஆசாரியர் நெருப்பில் காய்ச்சி வைத்த முத்திரை. நான் கேலி செய்யவில்லை, அது அவருக்குப் பெருமை. ஆனால் அதுவும் தோல்தானே? தெற்கே திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் காதை வளர்த்துத் தோளில் இடிக்கும்படி பாம்படம் போட்டார்கள். பிறகு காலம் மாறி, அதே காதுகளை மருத்துவரிடம் போய் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். வளர்த்ததும் பண்பாடு, தைத்ததும் நாகரிகம். நம் தலைமுறையில் எல்லாருக்கும் புஜத்தில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கிறது. சர்க்கார் போட்ட பச்சை என்றே அதைச் சொல்லலாம்.

காதுகுத்து இன்னொன்று. தங்கை மகளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள், தாய்மாமன் மடி. ஆசாரி கம்பியை எடுத்ததும் வீறிட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு வயதுக் குழந்தையிடம் என்ன கேட்பது? போனில் இதைத்தான் சொன்னேன். "உன் காதுல ஓட்டை போடறப்போ உன்னை யாரும் கேக்கல. உன் பொண்ணு தன் கையில தானே தீர்மானம் பண்ணிக்கிறா. இதுல எது மோசம்?" "மாமா, நீங்க எப்பவுமே இப்படித்தான் குறுக்கால பேசுவீங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் குறுக்காகப் பேசவில்லை. நேராகத்தான் கேட்கிறேன். பழைய பச்சைக்கும் புது டாட்டூவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் இந்தக் காலத்துப் பெண்கள் பக்கம்தான் நியாயம் சொல்கிறது.

நான் 34 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பெரும்பகுதி கிராமக் கிளைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணக்குத் தொடங்கினால் கைநாட்டோடு போட்டோவும் ஒட்டி, இரண்டு அங்க அடையாளங்களையும் எழுதிக்கொள்வோம். ஆண்களுக்கு மச்சமோ வெட்டுக்காயமோ தேடிப் பிடிக்க வேண்டும். பெண்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. கையை நீட்டச் சொன்னால் போதும். இடது முன்கையில் தேள், வலது மணிக்கட்டில் கோலம் என்று எழுதிவிடலாம். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் அல்லவா, படிவத்தில் அந்த இடம் வந்ததும் சிரித்துக்கொண்டே கையைத் திருப்பிக் காட்டிய அம்மாள்கள் உண்டு. பெயர் அங்கே பச்சையில் இருக்கும். நான் பார்த்து எழுதிக்கொள்வேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு அம்மாளை மறக்க முடியவில்லை. ஆடு வளர்ப்புக் கடனுக்காகக் கணக்குத் தொடங்க வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். முன்கையில் ஓர் ஆணின் பெயர், பக்கத்தில் ஒரு பூ. வழக்கம்போல நான் அதை அடையாளமாக எழுதப் போனேன். "சார், அத எழுதாதீங்க. வேற ஏதாச்சும் எழுதுங்க" என்றார். அந்த ஆள் வேறொருத்தியோடு போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கல்யாணமான முதல் வருடத்தில் மாமியார் உட்காரவைத்துக் குத்திய பெயர். இந்த அம்மாள் யாரிடமும் போய் எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. வலது தாடையில் ஒரு மச்சம் இருந்தது, அதை எழுதினேன். இரண்டாவது அடையாளத்துக்கு அரிவாள் பட்ட விரலை அவரே காட்டினார். பாஸ்புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகும்போது முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டார். சித்திரை வெயிலிலும் அவர் அப்படித்தான் வருவார்.

"அந்தக் காலத்துப் பச்சையில் ஒரு மரியாதை இருந்தது" என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு அந்த அம்மாளின் முந்தானை ஞாபகம் வருகிறது. மரியாதை யாருக்கு? ஆட்டுக்குக் காதில் அடையாளம் போடுவதைப் போல, இவள் இன்னார் வீட்டுப் பெண் என்று போட்ட அடையாளம் அது. வெள்ளைக்காரச் சர்க்கார் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி வைத்தது. 1849-ல்தான் அதைக் கைவிட்டார்கள். நெற்றிக்கும் முன்கைக்கும் தூரம் அதிகம். ஆனால் குத்தப்படுகிறவரைக் கேட்காமல் குத்துவது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

கட்சி விசுவாசத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு இருந்தது, ஆனாலும் ஏராளமானவர்கள் குத்திக்கொண்டார்கள். எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் அவர்களில் ஒருவர். பிறகு கட்சி மாறினார். அன்றிலிருந்து எனக்கு மாறுதல் வரும்வரை அவரை முழுக்கைச் சட்டையில் மட்டுமே பார்த்தேன். அப்போது இவர்களில் யாரையும் பார்த்து இது நம் பண்பாடு இல்லை என்று ஒரு பெரியவரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஆண் பிள்ளைகள், அதிலும் கட்சிக்காரர்கள்!

இப்போதும் கதை அதேதான். எங்கள் குடும்பத்திலேயே மருமகன் வழிப் பேரன் ஒருவன் தோளிலிருந்து முழங்கை வரை சிங்கம் குத்தியிருக்கிறான். கொஞ்சம் நாய்க்குட்டி மாதிரி இருக்கும், அது வேறு விஷயம். அவனைத் திருத்தச் சொல்லி எனக்கு யாரும் போன் செய்யவில்லை. கல்யாணமும் ஆகிவிட்டது.

ஆக, பண்பாடு என்பது சாக்கு. உண்மைக் காரணத்தைத் தங்கை மகள் மூன்றாவது போனில்தான் சொன்னாள். "வரன் பாக்கற நேரத்துல இது தேவையா மாமா? பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

இந்தப் பெண்ணின் கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். நாலு வயதில் அடுப்படியில் கொதிக்கிற எண்ணெய் இடது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கை வரை தழும்பு. தோல் சுருங்கி, நிறம் வெளுத்து, பார்த்ததும் தெரியும். பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இருபது வருடமாக அவளுக்கு முழுக்கை ரவிக்கை, முழுக்கை சுடிதார். வரன் வீட்டாருக்கு அனுப்பும் போட்டோவில் இடது கை புடவைத் தலைப்புக்குள் இருக்கும், போட்டோக்காரர் அப்படி நிறுத்தி எடுத்திருக்கிறார். வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாசத்தால்தான் மூடினார்கள். ஆனால் மூட மூட, காட்டக் கூடாத ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றுதான் அந்தக் குழந்தைக்குப் புரிந்திருக்கிறது.

அந்தத் தழும்பின்மேல்தான் அவள் பச்சை குத்திக்கொள்ள நினைக்கிறாள். முதலில் அவள் ஆசைப்பட்டது என் தங்கையின் கோல நோட்டிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை. பாட்டி போட்ட கோலம். நம் பண்பாடு இல்லை என்று நான் தடுக்க வேண்டியது இதைத்தானாம்! குத்துகிற பையனே கையைப் பார்த்துவிட்டு, தழும்புத் தோலில் மை ஒரே மாதிரி பிடிக்காது, கோடு நெளியும், கோலம் சரிவராது, கொடியும் இலையுமாகப் போட்டால் மேடு பள்ளத்தோடு சேர்ந்துபோகும் என்று சொல்லியிருக்கிறான். தொழில் தெரிந்த பையன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தழும்பைப் பார்த்தாலும் நினைக்கத்தான் போகிறார்கள். கொடியைப் பார்த்து முகம் சுளிக்கிற வீடு, கொடிக்கு அடியில் இருப்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் என்ன பேசும் என்று தங்கை மகள் யோசிக்கட்டும். அப்படிப்பட்ட வீடு வாசலிலேயே திரும்பிப் போனால் சத்திரத்து அட்வான்ஸ் மிச்சம்.

இவ்வளவு சொன்னதால் நான் டாட்டூ கடைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இளையவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. கேட்டால் "சுய வெளிப்பாடு" என்கிறார்கள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் நூறு படத்தில் 37-ஆம் நம்பரைக் காட்டி இதைக் குத்துங்கள் என்பதில் சுயம் எங்கே இருக்கிறது? முந்தின வாரம் அதே 37 வேறு நாலு பேர் கையில் ஏறியிருக்கும். காதலன் பெயர், காதலி பெயர் என்று குத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. எழுந்து போகக்கூடிய எவர் பெயரையும் தோலில் எழுதாதே என்பேன். அந்த ஆட்டுக்கடன் அம்மாளுக்காவது மாமியார் கட்டாயம் இருந்தது. இவர்களுக்கு என்ன கட்டாயம்?

"வேண்டாம் என்றால் லேசரில் எடுத்துவிடலாம்" என்று சுலபமாகச் சொல்லுகிறார்கள். மை தோலின் மேல் அடுக்கில் இருப்பதில்லை, அடுத்த அடுக்கில் இருக்கிறது. உடம்பின் காவல் செல்கள் அதை அந்நியப் பொருள் என்று விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் செல் செத்தால் மை வெளியே வரும். பக்கத்துச் செல் உடனே அதை விழுங்கிக்கொள்ளும். பிரான்சில் எலிகளை வைத்து 2018-ல் இதைக் காட்டினார்கள். அப்பன் கடனைப் பிள்ளை ஏற்பது மாதிரி, தலைமுறை தலைமுறையாக. லேசர் அந்த மையைத் துகள் துகளாக உடைக்கிறது. ஒரு தடவையில் போகாது, பல தடவை உட்கார வேண்டும். கறுப்பு ஓரளவு போகும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது. குத்தியதைவிட எடுப்பதற்குச் செலவும் வலியும் கூடுதல்.

ஊசி விஷயத்தில் குறத்தியை நான் உயர்த்திப் பேச மாட்டேன். ஒரே ஊசிக்கட்டுதான் தெரு முழுவதற்கும். மஞ்சள் காமாலை வகைகளில் பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாகப் பரவும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? இன்று தெரியும். தெரிந்தும் திருவிழாக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்து நூறு ரூபாய்க்குக் குத்திக்கொள்கிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். வேலை விஷயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராணுவத்தில் சேர நினைக்கும் பையனுக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி. வழக்கப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊர்ப் பையன்கள் தோளில் வேல் குத்திக்கொண்டு ஆள்சேர்ப்பு மைதானத்துக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள்.

இந்தப் பெண்ணிடம் நான் பேசியது இதையெல்லாம்தான். பண்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் தோல் மருத்துவர். சிலருக்குத் தழும்பு தடித்து வளரும் தன்மை இருக்கும், அவர்களுக்கு ஊசி ஆகாது, அதை அவர் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். ஊசியை உன் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைப் புதுக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், பழைய கிண்ணத்தைக் கண்டால் எழுந்து வந்துவிடு என்றேன். வருடத்துக்கு இரண்டு தடவை ரத்ததானம் செய்கிறவள் அவள். குத்திக்கொண்டால் ஒரு வருடம் கொடுக்க முடியாது, அதையும் கணக்கில் வை என்றேன். அதற்குத்தான் கொஞ்சம் யோசித்தாள்.

படத்தை வரைந்து கண்ணாடியில் ஒட்டி ஆறு மாதம் பார், அப்போதும் பிடித்தால் குத்திக்கொள் என்றேன். "ஒட்டி எட்டு மாசம் ஆச்சு தாத்தா" என்றாள். அம்மாவுக்கு எட்டு நாளாகத்தான் தெரியும் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். அவர் ஆகாது என்று சொன்னால் விட்டுவிடுவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆகும் என்று சொன்னால் நானும் கோயம்புத்தூருக்குப் போய் அந்தக் கடையில் பக்கத்தில் உட்கார்வதாக இருக்கிறேன். தங்கை மகளுக்கும் சேர்த்து ரயிலில் இடம் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.